மின்கோட்டுக் காவி அலைகள்: நெட்டலையில் ஓயாமல் கேட்கும் சீழ்க்கை

வெல்லம்பிட்டியிலிருந்து ஒரு நண்பர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். தந்தையார் விட்டுச்சென்ற ஜேர்மன் வால்வு வானொலிப் பெட்டியில் நெட்டலை என்றொரு பட்டை இருந்தும், சிறு வயது முதல் அதில் உறுமலைத் தவிர வேறெதையும் அவர் கேட்டதில்லை. அண்மையில் வாங்கிய கைவானொலியில் அதே பட்டைக்குப் போய் எஸ்.எஸ்.பி. பொத்தானை அழுத்தியபோது, 150 கிலோஹேர்ட்ஸுக்கும் 350 கிலோஹேர்ட்ஸுக்கும் இடையே மூன்று இடங்களில், இரவு பகலென்று பாராமல், ஒரே சுருதியில் சீழ்க்கை ஒலி கேட்கிறது. அவற்றுள் ஒன்றின் அருகே வண்டு முரல்வதைப் போன்ற நடுக்கமும் உண்டு. இவை எங்கிருந்து வருகின்றன? பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவற்றால் தீங்கு ஏதும் நேருமா? சென்ற சித்திரை மாதத்து இடிமழையின்போது ஒரு சீழ்க்கை கண்ணிமைக்கும் நேரத்துக்கு வேறு சுருதிக்குத் தாவித் திரும்பியது. அதே கணத்தில் வீட்டு மின்குமிழ்களும் மங்கித் தெளிந்தன. இது தற்செயலா?

இவை பெரும்பாலும் மின்கோட்டுக் காவி அலைகளே என்பது என் கணிப்பு. அதாவது, உயர் அழுத்த மின்கடத்தல் கோடுகளின் இரு முனைகளிலும் உள்ள உபமின்நிலையங்கள், மின்சாரம் செல்லும் அதே கம்பியின் வழியாகத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும், செய்தியைக் காவிச் செல்லும் சமிக்ஞைகள். இத்தகைய கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையிலும், ஓய்வுபெற்ற பின்னர் வெள்ளவத்தையில் மாடிவீட்டுப் பல்கனியில் இருந்து அவற்றைக் காதால் தேடிக்கொண்டிருப்பவன் என்ற முறையிலும், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்கள் மூன்றாவது கேள்வி அரிய அவதானிப்பு ஒன்றைச் சொல்கிறது; ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தச் சீழ்க்கையின் வேலை என்ன என்பது விளங்க வேண்டும்.

உங்கள் தந்தையாரின் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் 148.5 முதல் 283.5 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதி வானொலி ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே அங்கே விற்பதற்காகச் செய்யப்பட்ட பெட்டிகளில் நெட்டலைப் பட்டை இருந்தது. இலங்கை, சர்வதேச தொலைத்தொடர்புச் சங்கத்தின் மூன்றாம் வலயத்தைச் சேர்ந்தது. இங்கே அந்தப் பகுதியில் ஒலிபரப்பு நிலையங்கள் இல்லை. விமான நிலையங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கலங்கரைகள் 190 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் தம் இரண்டு மூன்று எழுத்துப் பெயரை மோர்ஸ் தந்திக் குறியில் ஒலித்துக்கொண்டிருக்கும்; அவ்வளவுதான். மேலும், பழைய பெட்டி ஒலிபரப்பைக் கேட்பதற்காகவே அமைந்தது. பேச்சோ இசையோ ஏற்றப்படாத வெறும் காவி அலை அதில் வந்து சேர்ந்தால் ஒலிபெருக்கியில் எதுவும் கேட்காது, இரைச்சல் சற்று அடங்கினாற்போல் இருக்கும். எஸ்.எஸ்.பி. பொத்தானை அழுத்தும்போது வானொலி தனக்குள் ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலக்கிறது; இரண்டின் மீடிறன்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே சீழ்க்கையாகக் கேட்கிறது. அந்தச் சமிக்ஞைகள் தந்தையாரின் காலத்திலும் வீட்டைச் சுற்றி இருந்திருக்கலாம். அந்தப் பெட்டிக்கு அவற்றைக் கேட்கும் காது இருக்கவில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். 132 கிலோவோற்றும் 220 கிலோவோற்றும் நம் நாட்டின் கடத்தல் அழுத்தங்கள். 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அந்தக் கம்பியிலேயே, ஏறத்தாழ 40 முதல் 500 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒரு மீடிறனில், பொதுவாக 10 முதல் 80 வாற்று வரையான வலுவில் ஓர் அலையை ஏற்றி அனுப்பலாம் என்பதே இதன் அடிப்படை. இந்த எண்ணம் மிகப் பழையது. அமெரிக்கத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஓவன் ஸ்குயர் 1910 இல் தொலைபேசிக் கம்பியில் வானொலி அலையை ஏற்றிக் காட்டினார். 1920களில் மின்நிறுவனங்கள் தம் கோடுகளில் இதைத் தொலைபேசியாகப் பயன்படுத்தத் தொடங்கின. காரணம் எளிது. மலைநாட்டில் நீர்மின் நிலையம், கீழே நகரம், இடையில் காடும் பள்ளத்தாக்கும். தனியாகத் தொலைபேசிக் கம்பி இழுத்தால் முதல் மழைக்கே மரம் விழுந்து அறுந்துபோகும். அந்த வழி முழுவதும் ஏற்கெனவே நிற்பதிலேயே உறுதியானது மின்கோபுரமும் அதன் கம்பியுமே. 1950 இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது மலையையும் கொழும்பையும் இணைத்த கோட்டை நினைத்துப் பாருங்கள். அத்தகைய நிலப்பரப்புக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டதுபோன்ற முறை இது.

ஆனால் பல்லாயிரம் வோற்று ஓடும் கம்பியோடு மெல்லிய மின்னணுக் கருவியை எப்படி இணைப்பது? உபமின்நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்றே இதன் விடையைக் கண்ணால் பார்க்கலாம். கோடு வந்து இறங்கும் இடத்தில், ஒரு கம்பியிலோ இரு கம்பிகளிலோ, பெரிய பீப்பாயைப் போல அலுமினியப் பட்டையால் சுற்றப்பட்ட சுருளொன்று தொங்கும், அல்லது காவலியின் மேல் நிற்கும். வேலைத்தளத்தில் அதை ‘வேவ் ட்ரப்’ என்போம்; தமிழில் அலைப்பொறி எனலாம். அதன் அருகே, தட்டுத் தட்டாக மடிப்புகள் கொண்ட உயரமான பீங்கான் தூண் நிற்கும். அதுவே இணைப்புக் கொள்ளளவி. தூணின் அடியில் சாம்பல் நிறப் பெட்டியொன்று இருக்கும். அதிலிருந்து ஒரு வடம் நிலத்துக்கடியால் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

இந்த இரண்டின் வேலையை எண்களில் பார்த்தால் அழகு விளங்கும். அலைப்பொறியின் தூண்டற்றிறன் 1 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹேர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 0.3 ஓம் அளவே. நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் தடையின்றிக் கடந்துபோகும். 150 கிலோஹேர்ட்ஸில் அதே சுருள் 940 ஓமுக்கு மேல் காட்டும். காவி அலை உபமின்நிலையத்துக்குள் நுழைந்து வீணாகாமல் கோட்டின் பக்கமே திருப்பப்படும். கொள்ளளவி இதற்கு நேர் எதிர். 5 நனோபரட் கொள்ளளவி 50 ஹேர்ட்ஸில் ஆறு இலட்சத்து முப்பதாயிரம் ஓமுக்கு மேல் காட்டுவதால் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய மூடிய கதவு. 150 கிலோஹேர்ட்ஸுக்கோ ஏறத்தாழ 210 ஓம்தான். ஒன்று மின்சாரத்தை விட்டு அலையை மறிக்கிறது. மற்றது அலையை விட்டு மின்சாரத்தை மறிக்கிறது. அப்படியும் 132 கிலோவோற்றுக் கோட்டில் அந்தக் கொள்ளளவியின் வழியாக 0.1 அம்பியருக்குச் சற்று மேல் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிலத்துக்கு இறக்கிவிடுவது அடிப்பெட்டிக்குள் உள்ள சுருள். அந்தச் சுருளின் இணைப்பு அறுந்திருக்கும் நிலையில் யாராவது பெட்டியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் பெட்டியைத் திறப்பதற்கு முன் பக்கத்திலுள்ள நில இணைப்புக் கத்தி ஆளியைப் போட்டு, அது முழுமையாகப் பொருந்தியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியில் கைவைக்க வேண்டும் என்று புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தோம். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

கோட்டில் ஏறிய அலை எவ்வளவு தூரம் போகும் என்றால், நல்ல வானிலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.1 டெசிபெல் என்ற அளவில்தான் அது தேயும். இணைப்பில் ஏற்படும் இழப்பை விட்டுவிட்டால், 100 கிலோமீட்டர் நீளமான கோட்டின் ஒரு முனையில் 20 வாற்றுக் கொடுத்தால் மறுமுனையில் 2 வாற்று எஞ்சும். வான்வழியே செல்லும் வானொலியில் இப்படியொரு சிக்கனத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இப்போது அந்த அலை என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த விடயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 4 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்ப்பாதியில், 300 முதல் 2,000 ஹேர்ட்ஸ் அளவில், உபமின்நிலைய இயக்குநர்களின் பேச்சு ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் செல்லும். அதற்கு மேலே, ஆற்றின் நீர்மட்டம், மின்பிறப்பாக்கியின் வலு, ஆளிகளின் நிலை முதலியவற்றைச் சொல்லும் தரவு, இரண்டு நெருங்கிய சுருதிகளுக்கிடையே வினாடிக்கு 50, 100 அல்லது 200 முறை மாறி மாறிச் செல்லும். நீங்கள் கேட்ட வண்டின் முரல்வு அதுவே. இவற்றோடு, ஒருபோதும் நிற்காத ஒரு தனிச் சுருதி இருக்கும். அதைக் காவல் ஒலி என்று சொல்லலாம். ‘இந்த வழி திறந்திருக்கிறது, கருவி உயிரோடு இருக்கிறது, இப்போதைக்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை’ என்பதே அது இரவு பகலாகச் சொல்லும் செய்தி. கோவிலில் சாமக் காவற்காரன் மணியடிப்பதைப் போன்றது. ஒலி நின்றுபோனால்தான் விழித்தெழ வேண்டும்.

அந்தக் காவல் எதற்காக? கடத்தல் கோட்டில் மரக்கிளை முட்டினாலும் மின்னல் தாக்கினாலும் குறுக்குச்சுற்று ஏற்பட்டு பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டம் பாயும். இரு முனைகளிலும் உள்ள பாதுகாப்பு ரிலேக்கள் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, வழு எவ்வளவு தூரத்தில் என்று கணித்து, சுற்றுடைப்பானைத் திறக்க ஆணையிடும். ஆனால் அளவீடு எதுவும் முற்றிலும் துல்லியமானதல்ல. இந்தக் கோட்டின் கடைசி ஒரு கிலோமீட்டரில் உள்ள வழுவையும் அதற்கப்பால் அடுத்த கோட்டின் முதல் ஒரு கிலோமீட்டரில் உள்ள வழுவையும் ஒரு முனையில் நின்றுகொண்டு பிரித்தறிய இயலாது. ஆகவே ரிலே தன் கோட்டின் முதல் 80 சதவீதம் வரையான வழுக்களுக்கே உடனடியாகத் திறக்கும்படி அமைக்கப்படுகிறது. எஞ்சிய பகுதிக்கு 0.3 முதல் 0.5 வினாடி வரை பொறுத்திருந்தே திறக்கும். அரை வினாடி நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரை வினாடிக்குள் மின்பிறப்பாக்கிகள் ஒன்றோடொன்று ஒத்தியங்குவதை இழந்துவிடக்கூடும். நம் தீவைப் போன்ற சிறிய, அயலில் எந்த வலையமைப்போடும் இணையாத அமைப்பில் அது நாடு முழுவதையும் இருட்டாக்கப் போதுமானது.

இந்தப் பொறுத்திருத்தலைத் தவிர்க்கவே இரு முனைகளும் பேசிக்கொள்கின்றன. வழுவுக்கு அருகிலுள்ள முனை, ‘வழு நம் கோட்டுக்குள்தான், நீயும் திற’ என்று மறுமுனைக்குச் சொல்லும். அந்தச் சொல் எப்படிப் போகிறதென்றால், காவல் ஒலி அடங்கி, அதற்குப் பதிலாக வேறொரு சுருதி எழும். பல கருவிகளில் அந்தக் கணத்தில் பேச்சையும் தரவையும் நிறுத்திவிட்டு முழு வலுவும் அந்த ஒரு சுருதிக்கே கொடுக்கப்படும், ஏனெனில் வழுவின் இரைச்சலையும் மீறி அது போய்ச் சேர வேண்டும். ஆணை சென்றடைய 15 முதல் 20 மில்லிவினாடி, சுற்றுடைப்பான் திறக்க 40 முதல் 60 மில்லிவினாடி. எல்லாம் சேர்ந்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வழு துண்டிக்கப்பட்டுவிடும். எல்லா நாடுகளும் இதே ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்காவில் பல கோடுகளில் காவி அலை வழக்கமாக மௌனமாக இருந்து, ‘வழு வெளியேதான், திறக்காதே’ என்று தடுப்பதற்கு மட்டும் எழும். அங்கே நெட்டலை கேட்பவர்களுக்கு நாளில் குறித்த நேரத்தில் வரும் சோதனை ஒலி மட்டுமே கிடைப்பதுண்டு.

நீங்கள் கேட்பது உண்மையில் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் கொழும்பு வீடொன்றில் நெட்டலையில் கேட்கும் ஒலிகளில் மிகப் பெரும்பான்மை வீட்டுக்குள்ளேயே பிறப்பவை. தொலைபேசி சார்ஜர், எல்.ஈ.டி. மின்குமிழ், இன்வேட்டர் குளிரூட்டி, கூரைச் சூரியகலத்தின் மாற்றி ஆகியவை அனைத்தும் சில பத்து கிலோஹேர்ட்ஸில் மின்சாரத்தை வெட்டி வெட்டி வேலை செய்பவை. அவற்றின் மடங்கு மீடிறன்கள் நெட்டலை முழுவதும் சீப்பின் பற்களைப் போல நிற்கும். காதைப் பழக்கினால் வேறுபாடு தெரியும். சார்ஜரின் ஒலி சொரசொரப்பாக இருக்கும், 100 ஹேர்ட்ஸ் உறுமல் அதில் ஊறியிருக்கும், கருவி சூடாகச் சூடாகச் சுருதி மெல்ல நகரும். காவி அலைக் கருவியின் மீடிறனைப் படிகம் ஒன்று பிடித்து வைத்திருக்கிறது; இன்று காலை கேட்ட இடத்திலேயே அடுத்த மாதமும் கேட்கும், சுருதி புல்லாங்குழலைப் போலத் தூய்மையாக இருக்கும். நடுநிசியில் வானொலியைப் பற்றரியில் இயக்கி, வீட்டின் பிரதான ஆளியை ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். போவன வீட்டுடையவை, எஞ்சுவனவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

இதன் பெரிய வடிவம் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாள் அது. வெள்ளவத்தையில் என் பல்கனியில் வானொலி பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபோதும் அடங்காத அந்த இரைச்சல், அருவியை மதகு போட்டு மூடினாற்போல, ஒரே நொடியில் நின்றது. அடுத்த வீட்டு ஜெனரேற்றர் இயங்கத் தொடங்கும் வரை கிடைத்த சில நிமிடங்களில், வழக்கமாக என் வீட்டில் கேட்கவே கேட்காத இரண்டு மெல்லிய சீழ்க்கைகள் தெளிவாக நின்றன. மின்சாரம் இல்லாத கோட்டில் சமிக்ஞை எப்படி என்று கேட்பீர்கள். காவி அலைக் கருவிகள் உபமின்நிலையத்தின் 48 வோற்றுப் பற்றரித் தொகுதியில் இயங்குபவை. கோடு இறந்திருக்கும்போதுதான் இரு முனைகளும் பேச வேண்டிய தேவை மிக அதிகம். மின்சாரம் நின்ற பிறகும் ஒலிப்பவை என்பதைப் போன்ற உறுதியான அடையாளம் வேறில்லை.

என் வீட்டில் மங்கலாகவும் உங்கள் வீட்டில் பலமாகவும் கேட்பதற்குக் காரணம் இடம். 200 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 1,500 மீற்றர். கம்பியோடு ஒட்டியே செல்லும் அதன் புலம், கோட்டிலிருந்து விலக விலக விரைவாகத் தேயும். கொழும்பு நகருக்குள் உயர் அழுத்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கீழ் வடங்களில் வருகிறது. வடங்களில் காவி அலை விரைவில் தேய்ந்துபோவதால் அங்கே இந்த முறை பொருந்தாது. கொலன்னாவையிலும் அதற்குக் கிழக்கிலும்தான் கோபுரங்கள் வானத்தில் தெரிகின்றன. வெல்லம்பிட்டி அவற்றின் மடியில் இருக்கிறது. அலைப்பொறியையும் தாண்டிக் கசியும் சிறு பங்கு அருகிலுள்ள 33 கிலோவோற்று, 11 கிலோவோற்றுக் கோடுகளுக்குத் தொற்றி, தெருக் கம்பியின் வழியாக வீட்டுக் கம்பிக்கும் வந்துவிடுவதுண்டு. ஆகவே கோபுரம் கண்ணுக்குத் தெரியாத வீட்டிலும் சில வேளை கேட்கும்.

திசை பார்க்கவும் வழியுண்டு. கைவானொலியின் உள்ளே கிடையாக ஒரு பெரைட் கோல் இருக்கிறது. நெட்டலைக்கு அதுவே வான்கம்பி. அதிகாலையில் ஒரு மாணவனையும் கூட்டிக்கொண்டு கோடு குறுக்கே செல்லும் வீதியொன்றுக்குப் போய் இதைச் செய்து காட்டினேன். கோபுரங்களிலிருந்து அரை கிலோமீட்டரில் சீழ்க்கை மூச்சுப்போல இருந்தது. நடக்க நடக்க உயர்ந்து, கம்பிகளுக்கு நேர்கீழே வந்தபோது ஒலிப்பொத்தானைக் குறைக்க வேண்டியதாயிற்று. அங்கே நின்று வானொலியை மெல்லத் திருப்பினோம். கோல் கோட்டுக்குக் குறுக்காக இருக்கும்போது ஒலி உச்சம்; கோட்டுக்கு இணையாக வந்ததும் சீழ்க்கை மறைந்தேவிட்டது. பையன் தானாகவே நான்கைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் வளையமாக இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது அன்றுதான் அவன் கைக்கு வந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீதியில் நின்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோபுரத்தின் அடிக்குப் போவதோ, வேலியைத் தாண்டுவதோ, நீளமான வான்கம்பியைக் கோட்டுக்கருகே இழுப்பதோ, பட்டத்தில் கம்பி கட்டி ஏற்றுவதோ உயிரோடு விளையாடுவதாகும். 132 கிலோவோற்றுக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே போதும், அது பாய்ந்துவிடும்.

கேட்கும் நேரமும் முக்கியம். நம் பகுதியில் இடிமின்னலின் இரைச்சல் நெட்டலையை ஏறக்குறைய முழுங்கிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்கள் பயனற்றவை. தை, மாசி மாதங்களின் அதிகாலை சிறந்தது. கடற்கரையோரத்தில் இருப்போருக்கு இன்னொரு தொல்லை: உப்புக்காற்று படிந்த காவலிகளில் சிறு பொறிகள் ஓடி ஒரு கொரகொரப்பை எழுப்பும். நல்ல மழையொன்று உப்பைக் கழுவிவிட்டால் அது ஓரிரு நாட்களுக்கு அடங்கிவிடும். அது கோட்டின் அழுக்கு ஒலி. காவி அலையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலையமைப்பில் சில பத்து வாற்று வலுதான் ஏற்றப்படுகிறது. உங்கள் வானொலிக்குக் கிடைப்பது அதில் மிக மிகச் சிறிய துளி. கையிலுள்ள தொலைபேசி உமிழ்வதோடு ஒப்பிடவே முடியாத அளவு. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கமாக ஒரு பொறுப்பு உண்டு. வானொலி ஆர்வலர்களுக்கு உலகளவில் 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸும் 472 முதல் 479 கிலோஹேர்ட்ஸும் ஒதுக்கப்பட்டுள்ளன. இரண்டும் மின்கோட்டுக் காவி அலைகளின் எல்லைக்குள்ளேயே வருகின்றன. அமெரிக்காவில் 2017 இல் இப்பட்டைகளைத் திறந்தபோது, காவி அலை இயங்கும் கடத்தல் கோட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் ஒலிபரப்பக் கூடாது என்று விதித்தார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. கேட்பதோடு நிற்காமல் அனுப்ப விரும்பும் இளைஞர்கள், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இன்றி எதையும் தொடங்க வேண்டாம். தற்செயலாக இயக்குநர் ஒருவரின் பேச்சு காதில் விழுந்தால் அதைப் பதிந்து பரப்பவும் வேண்டாம். அது நமக்காகப் பேசப்பட்டதல்ல.

இந்த ஒலிகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கோபுரங்களின் உச்சியில் மின்னலைத் தாங்குவதற்காக ஓடும் கம்பிக்குள் இப்போது ஒளியிழைகளை வைத்தே இழுக்கிறார்கள். ஆயிரமாயிரம் மடங்கு தகவல் அதில் செல்லும். எஞ்சியிருக்கும் காவி அலைக் கருவிகளிலும் புதியவை எண்முறையில் பேசுபவை. அவை சீழ்க்கையாகக் கேட்பதில்லை, சில கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்கு வெட்டியெடுத்தாற்போன்ற இரைச்சலாக மட்டும் நிற்கும். எனினும், ஒளியிழை அறுந்தாலும் பேச வேண்டிய பாதுகாப்புச் சமிக்ஞைக்கு இரண்டாவது வழி தேவை என்பதால், பல நாடுகளில் பழைய முறையை முற்றாகக் கைவிடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரே கம்பிக்குள் அனைத்தையும் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடிமழையில் மின்னல் ஒரு கோட்டைத் தாக்கி, காவலியின் மேலாக மின்சாரம் நிலத்துக்குப் பாய்ந்திருக்கும். அந்தக் குறுக்குச்சுற்று நீடித்த நேரம் முழுவதும் சுற்றுவட்டாரத்தின் அழுத்தம் சரிந்தது. அதுவே மின்குமிழ்களின் மங்கல். அதே வழுவை அளந்த ரிலே மறுமுனைக்கு ஆணை அனுப்பியது; காவல் ஒலி விலகி ஆணையின் சுருதி எழுந்ததே நீங்கள் கேட்ட தாவல். சுற்றுடைப்பான்கள் திறந்ததும் வழு அணைந்தது, அழுத்தம் மீண்டது, குமிழ்கள் தெளிந்தன. இத்தகைய கோடுகளைச் சுமார் ஒரு வினாடிக்குள் தானாகவே மீண்டும் இணைக்கும் ஏற்பாடும் உண்டு. மின்னலால் வந்த வழு பெரும்பாலும் அதற்குள் மறைந்திருக்கும். மங்கலுக்கும் தாவலுக்கும் காரணம் ஒன்றே. ஒரு திருத்தம் மட்டும்: அந்தச் சீழ்க்கை எந்தக் கோட்டுக்கு உரியதோ அந்தக் கோட்டில் வழு வந்தால்தான் அது நிச்சயமாகத் தாவும், தொலைவிலுள்ள வேறு கோட்டில் வந்தால் குமிழ் மங்கும், சீழ்க்கை அசையாமல் நிற்கக்கூடும். உங்கள் மூன்று சீழ்க்கைகளில் தாவியது எது, அசையாதிருந்தவை எவை என்று அடுத்த இடிமழையின்போது நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பருவக் குறிப்புகள் சேர்ந்தால், உங்கள் வீட்டுக்கு மேலாகச் செல்லும் கோடு எந்தச் சுருதியில் பேசுகிறது என்பதை வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம்.